மைக்கில் சொல்லாத பேர்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டிய அந்த ஊரில் வரலட்சுமியின் முகத்தைவிடக் குரலைத்தான் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் திறந்துவிடும் நேரம், கரண்ட் நிறுத்தும் நாள், ரேஷனில் பருப்பு வந்த செய்தி எல்லாம் ஊராட்சி அலுவலகத்து மைக்கில் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். கடைசி ஸ்பீக்கர் தென்னை நார் மில்லையும் தாண்டித் தோப்புகள் வரைக்கும் கேட்கும்.

சொல்லைப் பார்த்துப் போடுகிறவள் அவள். சாவுச் செய்தி சொல்லும்போது "செத்துட்டாரு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வயதானவர் என்றால் "காலமாயிட்டாருங்க". சின்ன வயதென்றால் "தவறிட்டாருங்க". அந்த ஒரு சொல்லிலேயே, இழவு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டிய சாவு எது என்று ஊருக்குப் புரிந்துவிடும்.

பிறந்தது கிணத்துக்கடவில், தெலுங்கு பேசும் வீட்டில். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் தாகத்துக்கு "நீளு" கேட்டு வகுப்பே சிரித்ததிலிருந்து வீட்டுப் பேச்சை வாசற்படியோடு நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இடத்திலும் கணவர் கோவிந்தராஜுலுவோடு தெலுங்குதான். தெருவில் இறங்கிவிட்டால் தமிழ். அவள் வீட்டில் வேறு பேச்சு இருப்பதை ஊரில் பலர் மறந்தே போயிருந்தார்கள்.

யானை என்ற சொல்லை மைக்கில் சொல்லாமல் விட்டதும் இரக்கத்தால்தான். மில் சாலைத் தோப்புக்காரர் காளிச்சாமியின் தம்பி சென்னிமலை, வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனவன், யானையிடம் மாட்டி இறந்துபோனான். அதற்குப் பிறகு முதல் தடவை "யானை வருதுங்க" என்று மைக்கில் சொன்னபோது, சென்னிமலையின் மனைவி நாச்சியம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மறுநாள் காளிச்சாமி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பேர மட்டும் மைக்குல சொல்ல வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்குத் தாங்க மாட்டீங்குது."

"வேற என்னான்னுங்க சொல்றது?"

"சாமின்னு சொல்லிப்போடுங்க. நம்ம ஊருல யாருக்குப் புரியாதுங்க?"

எல்லோருக்கும் புரிந்தது. "சாமி வருதுங்க" என்றால் கதவுகள் சாத்திக்கொள்ளும், நாய்கள் உள்ளே இழுக்கப்படும். அந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு நார் மில்லுக்கு வடக்கேயிருந்து வேலையாட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஊர் அவர்களை இந்திக்காரர்கள் என்றது. இந்தி தெரியாத ஊர் என்பதால் கையைக் காட்டிப் பேசுவதோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். மாரியம்மன் நோம்பிக்குச் சப்பரம் மில் வாசல்வரை போனபோது, "சாமி வருதுங்க, எல்லாரும் வாங்க" என்று வரலட்சுமிதான் மைக்கில் கூப்பிட்டாள். அவர்களும் குளித்து, குழந்தைகளுக்கு நல்ல சட்டை போட்டு, வரிசையில் நின்று பொங்கல் வாங்கிப் போனார்கள்.

நோம்பி முடிந்த வாரம், பொழுது சாய்கிற நேரத்தில் வனத்துறைக் காவலர் திருமலைசாமி போன் செய்தார். "அக்கா, ஒத்தை யானை எறங்கிருச்சுங்க. காளிச்சாமியண்ணன் தோப்புக்குள்ள நிக்குது. நாங்க வர நேரமாகும், சொல்லிப்போடுங்க."

வரலட்சுமி மைக்கைப் போட்டாள். "சாமி வருதுங்க. காளிச்சாமியண்ணன் தோப்புல நிக்குதுங்க. ஆரும் வெளிய வராதீங்க." இரண்டு தடவை சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். அங்கிருந்து மில் சாலையும், அது திரும்பும் இடத்தில் காளிச்சாமி வீட்டுக் கேட்டும், அதற்குப் பின்னால் தோப்பும் தெரியும்.

சாலையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மில் ஆட்கள். ஆண்கள் தலை சீவியிருந்தார்கள். ஒருத்தி தட்டில் பூ வைத்திருந்தாள். முன்னால் போனவர்கள் வளைவை நெருங்கிவிட்டார்கள்.

 சாமி என்ற சொல் மட்டும்தான் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. வரலட்சுமி மைக்குக்கு ஓடினாள். "போகாதீங்க, திரும்பிப் போங்க" என்று கத்தினாள். அவர்கள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தார்கள். மில் சூப்பர்வைசர் சாய்சரணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே, பின்தங்கி வந்த ஒரு பெண் தன் குழந்தையை அதட்டுவது காதில் விழுந்தது. "செய்யி பட்டுக்கோ, பட்டுக்கோவே."

கையைப் பிடித்துக்கொள் என்கிறாள். இந்தியில் அல்ல, தெலுங்கில். வரலட்சுமியின் வீட்டுத் தெலுங்குக்கு அது கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் தெலுங்கேதான்.

யோசிக்க நேரமில்லை. மைக்கில் வாயை வைத்துத் தன் வீட்டுப் பேச்சை முதல் தடவையாக ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "ஏனுகு. ஏனுகு ஒச்சிந்தி. எனக்கி போண்டி." யானை வந்திருக்கிறது, பின்னால் போங்கள்.

கீழே இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் போனவர்களைப் பார்த்து வேறேதோ பாஷையில் அலறினாள். பூத்தட்டு கீழே விழுந்தது. கூட்டம் அப்படியே திரும்பி ஓடி வந்தது. வரலட்சுமி நிறுத்தவில்லை. "ஏனுகு, ஏனுகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாத்தியிருந்த ஊர்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. கரகரத்த ஸ்பீக்கரில் அந்தச் சொல் ஊராருக்கு "ஏனுங்க, ஏனுங்க" என்று கேட்டிருக்கிறது. வரலட்சுமி பதறிப்போய் யாரையோ கூப்பிடுகிறாள், என்ன ஆபத்தோ என்று ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வளைவில் காளிச்சாமி கேட்டைத் திறந்துகொண்டு சாலைக்கே வந்துவிட்டார். கையை நெற்றியில் வைத்து அலுவலகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் இருட்டு அசைந்தது.

சாமி என்று ஏற்கெனவே சொன்னதைக் கேட்டும்தான் அவர் வெளியே வந்திருக்கிறார்; மறுபடி அதையே சொன்னால் நின்று என்னவென்று கேட்பார். வரலட்சுமிக்கு நாச்சியம்மாளின் முகம் கண்ணுக்குள் வந்தது. வந்தும் சொன்னாள்.

"யானைங்க. காளிச்சாமியண்ணா, யானை உங்க முதுகுக்குப் பின்னால நிக்குது. உள்ள போங்க. யானை."

அவர் திரும்பினார். திரும்பியவர் நகரவில்லை.  வேலியோரத்துத் தென்னம்பிள்ளை முறியும் சத்தம் மைக் அறை வரைக்கும் கேட்டது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவர் கேட்டில் மோதி விழுந்தார். அப்படியே தரதரவென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். யானை கேட்டைத் தும்பிக்கையால் ஒரு தள்ளு தள்ளிச் சாய்த்துவிட்டு, சாலையில் கிடந்த பூத்தட்டின் பக்கம் வந்து நின்றது. வனத்துறை ஜீப் வரும்வரை நின்றது.

காளிச்சாமிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வரலட்சுமி அவர் வீட்டுக்குப் போனபோது, காபி கொண்டுவந்து கொடுத்தவள் நாச்சியம்மாள். இழுத்ததும் அவள்தான். அவள் முகத்தைப் பார்க்க வரலட்சுமிக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பேரச் சொல்லிப்போட்டேன், அம்மணி. வேற வழி தெரியலீங்க."

"நீங்க சொல்லலீன்னா அது அவரு முதுகுக்குப் பின்னால நிக்கறது எனக்கு எப்புடீங்க தெரியும்? சாமின்னு சொன்னப்ப நான் அடுப்படியில கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். எப்பவும் அப்புடித்தான். யானைன்னு கேட்டதுந்தான் எந்திரிச்சேன்." நாச்சியம்மாள் கட்டிலில் கிடந்த காளிச்சாமியைப் பார்த்தாள். "எனக்காவ இத்தன நாளா பேர மாத்தி வெச்சிருந்தீங்களாமா. என்னைய ஒரு வார்த்த ஆரும் கேக்கலீங்களே."

காளிச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.  வரலட்சுமி காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் நார் மில்லுக்குப் போனாள். தெலுங்கில் பேசிய அந்தப் பெண் ஒடிசாவில், ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரி. கூட வந்தவர்கள் பேசுவது ஒடியா; அவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியாது, இந்தி தெரிந்தவர் இரண்டொருவர்தான். இருவரும் நாரைக் குவித்திருந்த இடத்தில் உட்கார்ந்து, யானையை யார் யார் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். பேச்சு அங்கிருந்து குழந்தைகளுக்கும், சம்பந்தமில்லாத வேறு எதற்கெல்லாமோ போய், மில் விளக்குப் போடும்வரை நீண்டது.

அடுத்த தடவை திருமலைசாமி கூப்பிட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வரலட்சுமி முதலில் தமிழில் யானை என்றாள். பிறகு ஒடியாவில் ஹாத்தி என்றாள். தெலுங்கைக் கடைசியில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். மைக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து, சாலையையும் வாசல்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள். யாரும் வரவில்லை. அப்படியும் ஜீப் வெளிச்சம் தெரியும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.