ஆட்டின் ராணி வராத மத்தியானம்

துரை பங்களாவில் சீட்டுக்கட்டு சற்று அழுக்கானாலும் புதுக்கட்டு பிரித்துவிடுவார்கள். பழையது பட்லரிடம் வரும். குன்னூருக்குக் கீழே இருந்த அந்த டீ எஸ்டேட் பங்களாவில் என் வீட்டுக்காரர்தான் பட்லர். நான் கூட்டித் துடைக்கிறவள்.

துரைமார் நாற்காலிக்குப் பின்னால் தட்டைப் பிடித்து நின்றே அவர் போக்கர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை மாற்றி வாங்கலாம். "எங்க துரை பத்து ஆட்டத்துல எட்டைக் கவுத்து வெச்சுட்டுச் சும்மா சுருட்டுப் புடிப்பாரு. அதனாலதான் ஜெயிக்கறாரு" என்பார். சொல்வாரே தவிர, தான் உட்கார்ந்தால் வந்த சீட்டுக்கெல்லாம் பந்தயம் கட்டித் தோற்பார்.

ஒரு தடவை துரை சீட்டாடும் அறையில் ஜமுக்காளத்தைச் சுருட்டும்போது அடியில் ஒற்றைச் சீட்டு கிடந்தது. சிவப்பு இதயம் போட்ட, கையில் பூ வைத்திருக்கிற ஆட்டின் ராணி. அந்தக் கட்டு அதற்கு முன்பே எங்கள் வீட்டுக்காரரிடம் வந்துவிட்டிருந்தது. ஒரு சீட்டு குறைவது தெரியாமல், அழுக்கானதால் கொடுத்தார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். துரை வீட்டுப் பொருளை எடுத்தேன் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த என் மகளிடம் விளையாடக் கொடுத்தேன். அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அவளுக்கு அப்போது பாலைத் தவிர வேறெதுவும் வயிற்றில் தங்கவில்லை. அருவங்காட்டிலிருந்து என் அப்பா கல்யாணச் சீராக ஓட்டிவிட்ட பசு கொட்டகையில் நின்றதால் பிழைத்தோம்.

துரை ஊட்டிக்குப் போயிருந்த ஒரு மழை நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாத்திர அறையில் மூன்று பேர் ஆட உட்கார்ந்தார்கள். இவர், பக்கத்து எஸ்டேட்டில் சமைக்கிற குசினிக்காரர், தபால் சுமக்கிறவர். அன்றைக்கு என்னவோ இவர் பொறுமையாக ஆடினார். ஆட்டத்துக்கு ஆட்டம் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"பட்லரு இன்னைக்கு விரதமுங்களா?" என்று தபால்காரர் கேலி செய்தார்.

நான் டீ கொண்டுபோனபோது குசினிக்காரர் தன் துரை கொடுத்த கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சீட்டு மாத்த வேண்டாமுங்க. இருக்கறதே போதும். இதுக்கு எதுர்ல நீங்க என்ன வெக்கறீங்க?"

"கொட்டகையில நிக்குதே, அது" என்றார் இவர்.

நான் டீயை இவர் பக்கத்தில் வைத்தேன். இவர் தன் சீட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டி, காதோடு சொன்னார்: "மூணு ராணி. நாலாவது வந்தா கடிகாரம் நம்மளுது. ஆட்டின் ராணி மத்தியானத்துலருந்து ஒருத்தர் கையிலயும் வரலை. பாத்துட்டேதான் இருக்கேன். அடியிலதான் இருக்கா, இப்ப வந்துருவா."

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்க" என்றேன்.

மூன்று ஆண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை முகங்களுக்கு முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"என்ன?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லீங்க. டீ ஆறுது."

"அக்காவுக்கு மாட்டை விட மனசில்லையாட்டம் இருக்குது" என்றார் தபால்காரர். சிரித்தார்கள். இவர் இரண்டு சீட்டை மாற்றி வாங்கினார். ஏழும் மூன்றும் வந்தன. குசினிக்காரர் தன் ஐந்தையும் விரித்தார். ஐந்தும் வரிசையாக இருந்தன. மூன்று ராணியைவிட அது பெரிது.

மழை விடுவதற்குள் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மகளின் தலையணைக்கடியிலிருந்த ராணியை எடுத்து அடுப்பில் போட்டேன். மறுநாள் மகள் படுக்கையில் கிடந்தபடியே முதலில் பாலைக் கேட்டாள். பிறகு அந்த ராணிப் பொம்மையைக் கேட்டாள். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அது தங்கவில்லை. அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

"பொறுமையாத்தானே இருந்தேன்" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாங்க என்பேன். பொறுமைசாலி என்றால் நான்தான் என்று எஸ்டேட்டில் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். அதற்கும் நான் ஒன்றும் சொன்னதில்லை.