மகளின் முகத்துக்காக நேர்ந்த பொங்காலை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்து முற்பகலில், பாறசாலை பக்கத்தில் ஓர் அம்மன் கோயிலில் பெண்கள் கூடிப் பொங்கல் வைக்கும் பொங்காலையின்போது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் என்னை நானே இரண்டு சாத்தலாம் போல இருக்கும்.

என் மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். கன்னம் முழுக்கப் பரு. சீழ் வைத்து, தலையணையில் முகம் பட்டாலே வலிக்கிற பரு. கொரோனா போய் ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் இவள் கழற்றவில்லை. யார் முன்னாலும் அதை இறக்கிச் சாப்பிட வெட்கப்பட்டு, மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டு வருவாள். "இனி காலேஜுக்குப் போவல்ல" என்று ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடலை மாவு, மஞ்சள், பக்கத்து வீட்டுக்காரி தந்த களிம்பு என்று பூசி நானும் என் பங்குக்குக் கெடுத்திருந்தேன். கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். தினம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆன்டிபயாடிக் கேப்சூல், ராத்திரி மட்டும் பட்டாணி அளவு கிரீம். "வெயில் கொள்ளருது, கேட்டோ" என்று, வெயில் படக்கூடாது என்பதை மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னார். எந்த டாக்டர்தான் வெயிலில் போய் நில் என்பார் என்று நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

ஆறேழு வாரத்தில் முகம் தெளியத் தொடங்கியது. வேலை செய்தது மருந்து. நான் நன்றி சொல்லக் கிளம்பியதோ அம்மனுக்கு. பரு குறைந்தால் அவளையே கொண்டு வந்து பொங்க வைக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன்.

"எம்மா, டாக்டர் வெயிலு ஆகாதுன்னு சொன்னாருல்லா" என்றாள் மகள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே. அடுப்புக்கு மூன்று செங்கல் வைக்கும்போது மறுபடியும் சொன்னாள்.

"அம்மைக்க முன்னாடி நிக்கியதுக்கு வெயிலாக்கும்! அந்த மாஸ்கயும் கழட்டு மக்கா. மொகத்த மூடிக்கிட்டா பொங்கால இடுவாவ?" என்றேன். அவளும் கழற்றினாள்.

ரோட்டோரம் வரிசையாக அடுப்புகள். மேலே வெயில், கீழே தீ. இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மகள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எரியுது என்றாள். புகையாக இருக்கும் என்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றியும் மூக்கும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டன.

பக்கத்து அடுப்பில் இருந்தவள் எனக்கு முன்பின் தெரியாதவள். முப்பது வயது இருக்கும். கன்னத்தில் பழைய பருக்குழிகள். "எக்கா, பிள்ள பருவுக்கு கேப்சூல் ஏதும் தின்னுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் எழுந்தேவிட்டாள்.

"அத தின்னுட்டு வெயிலு கொண்டா தோலு வெந்து போவும். எனக்குப் பட்டதாக்கும். எந்திரிங்க, நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை அடுப்பை விட்டு எழக்கூடாது என்பது வழக்கம். நான் பானையைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் தயங்கினேன்.

"ஒங்க பானைய நான் பாத்துக்கிடலாம். அம்ம கோவிக்கமாட்டா, போங்க" என்று தன் துண்டை நனைத்து மகளின் முகத்தில் போட்டு, குடையையும் கையில் திணித்தாள். பிற்பாடு எங்கள் பானையைச் சுமந்துகொண்டு நாங்கள் இருந்த மரத்தடிக்கு வந்தாள். பதற்றத்தில் அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் கன்னம் வீங்கித் தோல் உரிந்தது. டாக்டர் கேப்சூலை நிறுத்தி, வேறு மருந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து, யார் இவளை வெயிலில் கூட்டிப் போனது என்று கேட்டார்.

"நாந்தான் போணும்னு அடம்பிடிச்சேன் டாக்டர்" என்றாள் மகள், என் பக்கம் திரும்பாமலே.

முகம் தேற ஒரு மாதம் ஆயிற்று. இன்று மாஸ்க் இல்லாமல் வேலைக்குப் போகிறாள். என் பிள்ளை இரண்டு முறை சொல்லியும் கேட்காத நான், வேறொருத்தி சொன்ன பிறகுதான் எழுந்தேன். அப்படிப்பட்ட என்னை, வெந்துபோன முகத்தோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்து என் மகள் காப்பாற்றினாளே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.