பாஹிம் மாஸ்டர் எழுதிய அன்புப் பரீட்சை

பல்தேர்வு வினா என்றால் காத்தான்குடியில் பாஹிம் மாஸ்டரை விட்டால் ஆளில்லை. கணக்கே விளங்காத பிள்ளையையும் கணக்கில் சித்தியடைய வைத்துவிடுவார். கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கு. விடை தெரியாவிட்டால் மூன்றாவதைக் கீறு. அவருடைய கல்வித் தத்துவம் இவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட அறிஞரை அவர் மனைவி இர்ஷானாவே பரீட்சைக்கு இருத்தினாள். ஃபோனில் வந்த வினாக்கொத்து: 'உங்கள் துணைக்கு எப்படி அன்பு காட்டினால் பிடிக்கும்?' மனைவி தன் விருப்பங்களை முதலில் பதிந்து வைப்பாள். கணவன் அவற்றை ஊகித்துச் சொல்ல வேண்டும்.

"நாளைக்கு அஸர் தொழுகைக்குள்ள செஞ்சி அனுப்புங்க. அம்பதுக்குக் கீழ எடுத்தா உங்கட உம்மாட ஊட்ட போய்ப் படுங்க."

இது வெறும் மிரட்டல் அல்ல. ஊர் வழக்கப்படி வீடு சீதனமாக இர்ஷானாவின் பெயரில் இருந்தது. மாஸ்டரின் பெயரில் இருந்தது வாசலில் தொங்கிய டியூஷன் பலகை மட்டும்.

மாஸ்டர் கலங்கவில்லை. மச்சினி றஸீனாவின் கணவன் அஹமட் இதே பரீட்சையில் தொண்ணூறு எடுத்திருந்தான். அவன் கட்டாரில் இருக்கிறான். மனைவியை விளங்கிக்கொள்ள அந்தத் தூரம் உதவியிருக்க வேண்டும். அவனுடைய விடைகளை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஒன்றும் பிசகாமல் பதிந்து அனுப்பிவிட்டு, மாஸ்டர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

கிடைத்தது பத்து.

இர்ஷானா விடைகளை வாசித்தாள். பிடித்த பரிசு, ஊதா அபாயா. கோபம் வந்தால் தலையைத் தடவ வேண்டும். ஆசை, கல்லடிப் பாலத்தில் சேர்ந்து நடப்பது.

"இதெல்லாம் ஆருட விருப்பம்?"

"மாதிரி விடை, புள்ள."

"என்ட தங்கச்சிர விருப்பம். அவள்ர மனசு உங்களுக்கு நல்லா விளங்கிருக்கி."

மாஸ்டர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீள்பரீட்சைக்கு இடமுண்டா என்று கேட்டார்.

"ஒரே கேள்வி. நான் எப்படித் தேத்தண்ணி குடிப்பன்?"

கலியாண நாளிலிருந்து அவள் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து வருபவர். அவள் குடிப்பதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"சீனி போட்டு?"

"அப்ப ஊத்திக் கொண்டாங்க."

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சீனி எங்க இரிக்கி?"

"அடுப்புக்கு மேல்தட்டுல நாலு டின் இரிக்கி. மிகப் பொருத்தமானதைத் தெரிவு செய்யுங்க."

மாஸ்டர் மூன்றாவதைத் திறந்தார். உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது.

இர்ஷானா ஒரு மிடறு குடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கோப்பையை வைத்துவிட்டு, எழுந்து போய் வாசற்கதவைப் பூட்டினாள். மாஸ்டர் உள்ளேதான் நின்றார்.

"தலகாணிய வெச்சிட்டு மறுகா ஊத்துங்க," என்றாள். "இந்தமுற உப்புப் போடாம."