இடது கையில் நீளக் குச்சி

காலை 6.40. கண்ணாடியில் முதலில் கண்டது, வாயின் இடது ஓரத்தில் வழிந்துகொண்டிருந்த பற்பசை நுரை. அது வழிவது தோலில் தெரியவில்லை. துடைக்க இடது கையைத் தூக்கினேன். கை வரவில்லை.

பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் மருத்துவர். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. செய்தித்தாளில் பிழை திருத்துபவள்.

சிகிச்சையாக இரண்டு மாதம் இடது கையால் பிளாஸ்டிக் முளைகளைப் பலகையின் ஓட்டைகளில் செருகினேன். விரல்கள் மூடும், சில விநாடிகளில் நழுவவிடும். செயல்முறைச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குபவர்) ஒருநாள் சொன்னார்: “இது போர் அடிக்கும்னு தெரியும் மேடம். தாளத்தோட ஏதாச்சும் செஞ்சு பாருங்க.”

சிராங்கூன் சாலையில் ஒரு மாடியில் பறை வகுப்பு நடந்தது. நடத்திய மலர்விழி ஜூரோங் கப்பல் பட்டறையில் பொறியாளர். தொய்ந்த தோலை முடி உலர்த்தியால் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

“ஊர்ல நெருப்புல காட்டுவாங்க அக்கா. இங்க நெருப்பு மூட்டினா போலீஸ் வந்துரும்.”

வலது கையில் குட்டையான தடித்த குச்சி. இடது கையில் நீளமான மெல்லிய குச்சி.

“இடது கை சும்மா பிடிச்சிருந்தா போதும்.”

“சும்மா பிடிக்கிறதுதான் எனக்கு வராது லா.”

“விழுந்தா எடுத்துக்குவோம்.”

முதல் நாள் பதினான்கு முறை விழுந்தது. ஆறாவது வாரம் பறையை ஆங் மோ கியோ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அண்ணன் பழங்களோடு வந்தார். அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்க. இத எங்கயாச்சும் உள்ள வை.”

“ஏன்?”

“சாவு வீட்டுல அடிக்கிறது. கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டும். என் கைக்கு மருந்துன்னு சொல்றேன்.”

“உனக்குப் புரியல. இத விட்டு வெளிய வரத்தானே அப்பா அவ்வளவு பாடுபட்டாரு.”

சொன்னபின் பழங்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார்.

“அப்பா வாசிச்சாரா?”

“இங்க வந்த பிறகு தொட்டதில்ல.”

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னபோது, “விவசாயம்னு போடு” என்றார். என்னைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பினார்கள். அதுதான் நம் கலாசாரம் என்றார்கள். வாசித்தவர்களை வெளியே நிறுத்தியவர்கள் யாரோ. வெட்கப்பட்டவர் என் அப்பா. அந்த வெட்கத்தை நானும் சுமக்க வேண்டும் என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னார் அண்ணன். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பறையை நான் எடுத்துவைக்கவில்லை. மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார்.

“இது யாருதுங்க?”

“என்னுது. எங்க அப்பாவும் வாசிச்சவரு.”

கூட வந்திருந்த அண்ணன் சுவரைப் பார்த்தார். அந்த அம்மாள் தேநீரைக் குடித்து முடித்தார். கல்யாணம் நிற்கவில்லை.

ஒரு பக்கம் இழந்து வீட்டிலிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்கு எந்தச் சிகிச்சை கௌரவமானது என்று உறவினர்களை முடிவெடுக்க விடாதீர்கள். நான் இப்போது கடிகாரத்துக்காக அவசரப்படுவதில்லை. கை எவ்வளவு தாங்குகிறதோ அதுவே என் நேரம். சட்டைப் பொத்தான் ஒன்றுக்கு நாற்பது விநாடி. பேருந்தில் கம்பியைப் பிடித்தால் இரண்டு நிறுத்தம்.

அண்ணன் மகளின் திருமணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. அன்று வகுப்பில் என் இடது கை இருபத்திரண்டு நிமிடம் குச்சியை விடாமல் பிடித்திருந்தது.