நாற்காலிப் புகார்கள்

அவர் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். பதினோரு வருஷமாக அதே ஓட்டல், அதே ஒற்றை அறை. எல்லாரும் அவரை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள், அவருக்கும் பழகிப்போயிற்று. வம்புதும்புக்குப் போகாதவர். இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிற மனுஷன் என்பார்களே, அந்த ரகம். அதுவே கடைசியில் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

குடியேற்ற அலுவலகம் விதியை மாற்றிவிட்டது. தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் பத்து வருஷமும் விட்டுப்போகாமல் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டுமாம். வருஷத்துக்கு ஒரு காகிதமாவது வேண்டும். அதில் பெயர், விலாசம், தேதி, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? பிள்ளைகுட்டி இல்லை. ஊர் வீட்டைத் தம்பிகள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். போய் நிற்க அவருக்கு ஒரு வாசல் கிடையாது.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசி மூன்று வருஷத்துச் சம்பளச் சீட்டு இருந்தது. அதற்கு முன்னால் அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்ட் கம்பெனி இழுத்து மூடிவிட்டுப் போனதுதான், போன இடம் தெரியவில்லை. மின்சார ரசீது வீட்டுக்காரர் பெயரில். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஒரு சீட்டாவது மிஞ்சியிருக்கும். பாழாய்ப்போன உடம்புக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. பழைய தங்கும் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடினார். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

“இதெல்லாம் நாங்க அட்டை குடுத்ததுக்கு ஆதாரம் சார். நீங்க இங்க இருந்ததுக்கு இல்ல.”

ஏழு வருஷத்துக்குக் காகிதம் வேண்டும். நான் இங்கே இருந்தேன் என்று யாருக்குத் தெரியும்? மாடிப்படி ஏறும்போது யோசித்துக்கொண்டே வந்தவர், முதல் மாடிக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அது டைப்பிஸ்டம்மா வீடு. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, இவர் அறைக்கு நேர் கீழே தனியாக இருக்கிற அம்மாள். இவர் அறையில் ஜன்னலோரம் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரும்பு நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப்போட்டு, ஊரில் இருந்த மனைவியோடு பேசுவார். தூக்கி வைத்தால் என்ன என்று கேட்கலாம். நாள் முழுக்க ஈர விரிப்பைத் தூக்கின கை அது. உடனே கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் டக் டக் என்று இடி விழும். அதோடு விடுவாளா? அவர் முழுப் பெயரையும் அறை எண்ணையும் கேட்டு வாங்கி, குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார்மேல் புகாராக டைப் அடித்துப் போட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி போய்ச் சேர்ந்தாள். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கடைசியாக அவள் முகத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தார். அதற்கப்புறம் நாற்காலி சுவரோரமாகவே கிடந்தது.

கதவைத் திறந்த டைப்பிஸ்டம்மா சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். என்மேல் நீங்கள் எழுதின புகார் ஏதாவது இருந்தால் கொடுங்களம்மா என்றார். அவள் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். எல்லாம் நகல், எல்லாவற்றிலும் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரை. அவர் வருஷத்தை எண்ணினார். ஆறு வருஷம் தேறியது. ஏழாவதற்கு எங்கே போவது? அந்த வருஷம் பிறந்ததுமே நாற்காலி நின்றுபோயிற்றே.

அவள் அடியிலிருந்து இன்னொரு தாளை உருவி நீட்டினாள். அதிலும் அவர் பெயர், அறை எண், தேதி, முத்திரை எல்லாம் இருந்தன.

‘மேல்மாடியில் பத்து நாளாக நாற்காலிச் சத்தம் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று தயவுசெய்து உடனே போய்ப் பார்க்கவும்.’

இஸ்திரிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சமயம் குடியிருப்பு மேனேஜர் வந்து கதவைத் தட்டி, குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார். இவர் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நானே மேல வந்து கேட்டிருக்கலாம். இவ்வளவு புகார் எழுதிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?” என்றாள். அப்புறம், “ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள்.

“பேச ஆள் இல்லம்மா” என்றார். இந்த நாலு வருஷத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

கவுண்டர் பெண் ஏழு புகாரையும் படித்தாள், வருஷம் சரிபார்த்தாள், வாங்கிக்கொண்டாள். ஐந்து வாரத்தில் புது அட்டை தபாலில் வந்தது. இன்னும் ஐந்து வருஷம் இருக்கலாம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தார், வைத்தார்.

ஆறு மணி ஆயிற்று. சுவரோரம் கிடந்த நாற்காலியை ஜன்னல் வரைக்கும் தரதரவென்று இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கீழே சத்தமே இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். எழுந்து நாற்காலியைத் திரும்பச் சுவருக்கு இழுத்தார்.

டக் டக் என்று கீழேயிருந்து கேட்டது. அவர் இன்னொரு தடவை இழுத்தார்.