ஏலக்காய் டப்பாவில் இருந்த கடிதம்

மூடி துருப்பிடித்த அந்தத் தகர டப்பா இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. ஐம்பதுகளில் போடியில் நான் எழுத்தராக இருந்த ஏலக்காய்க் கடையில், மலைக்குப் போகவேண்டிய கடிதங்களை அதில்தான் போட்டுவைப்போம். எஸ்டேட்டுத் தபால் எல்லாம் கடை முகவரிக்கு வரும். மறுநாள் ஜீப்பு போடிமெட்டு ஏறும்வரை கீழே காத்திருக்கும். சாரல் காலத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்காமலிருக்க, விலைபோகாத ஏலக்காயில் ஒரு கை அள்ளி டப்பாவின் அடியில் போடுவது கடை வழக்கம். அதனால் மலையில் எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் லேசாக ஏலக்காய் மணக்கும். எங்களுக்குப் பழகிப்போன அந்த வாசனையைக் கவனித்துச் சொன்னவர் அமெரிக்கத் துரைதான். தன் அம்மாவின் கடிதம் வந்தால் முகர்ந்துவிட்டுத்தான் பிரிப்பார்.

சென்னையில் துணைத் தூதரக வேலைக்கு வந்தவர் அவர். பேச்சுத் தமிழ் படிக்கவென்று எங்கள் முதலாளியின் எஸ்டேட்டு பங்களாவில் இரண்டு மாதம் தங்கினார். நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்தவன்; கடையில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். துரைக்கு நானே துணை என்ற நினைப்பில் சலவைச் சட்டையோடு ஜீப்பில் ஏறிப் போனேன். நான் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் அவர் தமிழில் பதில் சொன்னார். பிறகு எழுந்து, விறகுப் புகையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்விட்டார். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ராசிங்காபுரத்து அத்தான், என் அத்தை மகன். பள்ளிப் படிப்போடு நின்றவர். "உணவு அருந்தினேன்னு இங்க எவனும் சொல்லமாட்டான் துரை. சாப்ட்டேன்னு சொல்லிட்டு வெரசா வாங்க, சோலி கிடக்கு" என்று அதட்டுவார். துரை அதையே சொல்லிப் பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு சொல்லால் மூட இப்போது எனக்கு விருப்பமில்லை.

துரையைப் பசிபிக் தீவுகளுக்கு மாற்றினார்கள். முதலில் பிஜி. ஒரு வருடம் கழித்து, தென்னை மரம் அச்சிட்ட தபால்தலையோடு அத்தான் பெயருக்கு ஓர் உறை வந்தது. அதை நான் பிரித்தேன். கோணல் எழுத்தில், தமிழிலேயே எழுதியிருந்தார். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், எனக்குக் கற்றுக்கொடுத்தவனைவிட நல்லவன் யார் என்று சொல்லிவிட்டேன், கப்பல் பயணத்துக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள், மூன்று மாதத்துக்குள் பதில் எழுது என்றிருந்தது. படித்தவன் கீழே உட்கார்ந்திருக்க, புகையில் வேகிறவனைக் கடல் கடந்து கூப்பிடுகிறாரே என்று நினைத்தேன். அன்றே கடைக்குப் புது டப்பா வாங்கிவைத்துவிட்டு, பழையதை அந்தக் கடிதத்தோடு வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் அத்தான் கடைக்கு வருவார். "மாப்ளே, துரைகிட்டருந்து கடிதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்லையே அத்தான்."

"பெரிய சோலி பாக்குறவரு. நம்மளயா நெனப்பாரு" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். மூன்று மாதம் கழிந்தது. சில வருடங்களுக்குப் பிறகு அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

துரை நிறுத்தவில்லை. வருடப் பிறப்புக்கு முதலாளிக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். பிஜி, சமோவா, டோங்கா என்று தபால்தலைகள் மாறிக்கொண்டே வந்தன. தீவுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற, அவரும் ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசியில் தூதராகவே ஆனார். எல்லா அட்டையிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஸ்டோர்க்காரர் நலமா? முதலாளிக்காகப் பதில் எழுதுகிறவன் நான். 'நலம். அவருக்கு மலையைவிட்டு வர மனமில்லை' என்று ஒருமுறை எழுதினேன். அதன்பின் 'நலம்' மட்டும் எழுதினேன். அத்தான் அந்தப் புகையிலேயே இருமிக்கொண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றார்.

துரை இறந்துபோன தகவல் முதலாளியின் மகனுக்கு வந்த வாரம், டப்பாவைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போனேன். அத்தானுக்குப் பார்வை போயிருந்தது. கடை வீட்டை இடித்தபோது பழைய தபால் பைக்குள் கிடந்தது என்று சொல்லிப் படித்துக்காட்டினேன். அந்த வயதிலும் பொய்யைத் தயாராகக் கொண்டுபோயிருந்தேன்.

அவர் கையை நீட்டி வாங்கினார். துரையைப் போலவே மூக்கருகே கொண்டுபோனார்.

"தபால் பையில கெடந்த கடிதாசி இப்பிடி மணக்காது மாப்ளே" என்றார்.

டப்பாவில் இருந்த பழைய ஏலக்காயை வருடந்தோறும் கொட்டிவிட்டுப் புதுக் காய் போட்டுவந்தவன் நான்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். 'எனக்குக் கற்றுக்கொடுத்தவன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்த வரியை மட்டும் மறுபடி கேட்டார். பிறகு காகிதத்தைத் தடவித் தடவி மடித்து என் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. இத்தன வருசமும் பத்திரமா வச்சிருந்தவன் நீதான."

அத்தானும் போய்விட்டார். கடிதம் மறுபடியும் டப்பாவுக்குள்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அதில் நான் புது ஏலக்காய் போடவில்லை. ஆனாலும் மூடியைத் திறந்தால் இன்னும் மணக்கிறது.