பூண்டுக் காட்டுக்கு நாலு சக்கரம்

என் வீட்டுக்காரர் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்ததில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் ஒரு நரம்பு நசுங்கி, இடது பாதம் மட்டும் கணுக்காலுக்குக் கீழே தொங்கிப்போனது. கம்பு ஊன்றிக்கொண்டு டீக்கடை வரை போவார். பூண்டுக் காட்டுக்கு இறங்க முடியாது.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே. ரோட்டை விட்டு ஒன்றரை மைல் மண் பாதையில் கீழே இறங்கினால்தான் எங்கள் காடு. மழை பெய்தால் நல்ல கால் இருப்பவர்களே உட்கார்ந்து சறுக்குகிற பாதை அது. அதில்தான் இருபது வருசமாக வெள்ளனே தனியாகப் போய்ப் பொழுது சாயத் திரும்பி வந்தார். அவ்வளவு நேரம் ஒற்றையாளாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “பூண்டு கூடப் பேசிட்டு வந்தேன்” என்பார். விழுந்த பிறகு அவர் பேச்சே குறைந்துவிட்டது.

பைக் என்றால் இடது காலால் கியர் போட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டி சேற்றில் சறுக்கும், சறுக்கினால் ஊன்றுவதற்கு அந்தக் கால் வேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது, டூரிஸ்ட்டுகள் குவாட் பைக் ஓட்டுகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

“ஏ புள்ள, அங்க பாரு. அந்தப் பொண்ணு கால ஆட்டவே இல்ல. கட்ட வெரல அமுக்குது, வண்டி போகுது. நாலு சக்கரம், தானா நிக்கும்.”

ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் தானாகப் பேசினார்.

நாங்கள் பார்த்த குவாட் பைக் எல்லாம் அப்படித்தான். சுற்றுலா வந்த பிள்ளைகள்கூட விரலால் அமுக்கி ஓட்டும். அந்த வண்டியில் வேறு சாதி உண்டு என்று எங்கள் பக்கம் யாருக்குத் தெரியும்?

நாயுடுபுரத்தில் ஒரு பையன் பழைய வண்டி விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனோம். நான் எட்டாவதோடு நின்றவள். படிக்காதவளை எவனும் ஏமாற்றிவிடுவான் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. டயரில் வெடிப்பு இருக்கிறதா, புகை வருகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன்.

“ஸ்போர்ட் மாடல் அக்கா. சும்மா பறக்கும்.”

“பறக்க வேணாம் தம்பி. நடந்தாப் போதும்.”

அவன் சிரித்துக்கொண்டே ஏறி, மேட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். நான் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழுமா, கவிழாதா, அதுதான் எனக்கு. அவன் கால் என்ன செய்தது என்று பார்க்கவில்லை.

இறங்கி வந்து, “அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்” என்றான்.

இவர் பெஞ்சிலிருந்து கம்பை ஊன்றி எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆசை. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ரோட்டோரம், போகிற வருகிற ஜனம், விழுந்தால்?

“இங்க வேணாங்க. நாலு பேரு பாக்குறாங்க. நம்ம ஊர்ல போய் ஏறுங்க.”

மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டி மினி லாரியில் ஏறி ஊருக்கு வந்தது. மண் பாதையின் முகப்பில் இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். இவரை என் கொழுந்தன் தூக்கி உட்காரவைத்தான். கட்டை விரலால் அமுக்கினார். வண்டி கத்தியது, நகரவில்லை. இன்னும் அமுக்கினார்.

“என்னண்ணே, எலுமிச்சம்பழத்துக்கு வலிக்கும்னு பாக்குறியா? வெரசா எடு” என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

பிறகு கொழுந்தன் குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றது.

“அண்ணே, இது கியர் வண்டி. கீழ கெடக்கு. இடது காலுக்கு.”

விற்றவனுக்குப் போன் போட்டேன். “ஸ்போர்ட் மாடல்னா கியர்தான் அக்கா. ஓட்டிப் பாக்கச் சொன்னேனே, நீங்கதான வேணாம்னீங்க?” அவன் சொன்னதில் பொய் இல்லை.

நான் மண்டிபோட்டுக் கையால் கியரை அமுக்கிவிட்டேன். வண்டி கிளம்பி, கியர் மாற்ற முடியாமல் முதல் வளைவில் நின்றுபோனது. ஓடிப்போய் மறுபடி போட்டுவிட்டேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் தரம் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் சாவியை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

“நீ கூடவே ஓடி வரணும்னா எனக்கு எதுக்குடி வண்டி?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து கொழுந்தன் ஒரு வெல்டரைக் கூட்டி வந்தான். ஒரு கம்பியைக் கோத்துவிட்டால் வலது கையால் இழுத்தே கியர் போடலாம், அரைநாள் சோலி என்றார் அவர்.

“எறக்கத்துல கம்பி ஒடிஞ்சா?” என்றேன்.

“ஒடியாதும்மா.”

“ஒடிஞ்சா?”

“ஒடியாது மதினி, நான் பொறுப்பு” என்றான் கொழுந்தன்.

எனக்கு மரத்தடியில் அவர் கிடந்த கிடைதான் கண்ணில் நின்றது. வேண்டவே வேண்டாம் என்று அழுதுவிட்டேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெல்டரிடம், “விடுங்க. அவளுக்கு மனசு ஒப்பல. டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

அடுத்த வாரமே காட்டைத் தன் தம்பியிடம் விளைச்சலில் பங்குக்கு விட்டார். வண்டியை மலையடிவாரத்துக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அது வளைவில் மறைந்தபோது என் நெஞ்சு லேசானது. இனி விழமாட்டார். அந்த நிம்மதியை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொழுந்தன் பூண்டு விளைச்சலைப் பற்றி வந்து சொல்வான். இவர் தலையை ஆட்டுவார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

போன மாதம் ஒரு விசேஷத்துக்குக் கன்னிவாடி போயிருந்தேன். சந்தையில் ஒருவர், ஒரு கால் சூம்பியவர், தக்காளிக் கூடைகளை ஏற்றிய மூன்று சக்கர வண்டியில் வந்தார். கால் கியருக்குப் பதில் ஒரு கம்பி. கையால் இழுத்துக் கியர் மாற்றி, மேட்டில் ஏறி, என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

“அண்ணே, இந்தக் கம்பி ஒடியாதா?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு வருசமா ஓட்டுறேன் தாயி. டயருதான் மாத்தியிருக்கேன்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சந்தைக்குப் போனியா? என்ன பாத்த?”

“தக்காளிதான்” என்றேன்.